பையனின் காரில் மாட்டிய டிராக்கர்: பதினோரு மாதக் கணக்கு

கம்பெனி பெயரைப் போடவில்லை. என் புகார் ஒன்று அவர்களிடம் இன்னும் தீராமல் கிடக்கிறது. அது முடிகிறவரை பெயர் சொல்லித் திட்டவும் இஷ்டமில்லை, பாராட்டவும் இஷ்டமில்லை. தவிர, ஆன்லைனில் தேடிப் பார்த்தால் பார்வைக்கு இதே மாதிரி கறுப்புப் பெட்டி நாலைந்து பெயரில், ஸ்டிக்கர் மட்டும் மாறி விற்கிறது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் பக்கம், சர்வீஸ்காரர்கள் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்ப்பார்களே, அந்தப் பதினாறு துளை சாக்கெட்டில் செருகிவிட்டால் வேலை முடிந்தது. ஒயர் வெட்ட வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று ஜி.பி.எஸ். பிடித்துக் கொடுப்பதை அந்த சிம் நம் போனுக்கு அனுப்பும். முதல் வருடச் சந்தா சேர்த்து 3,490 ரூபாய் கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு 1,200.

பையனே இரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டான். யாரைக் கண்காணிக்க வாங்கினோமோ அவனே மாட்டுகிறான் என்றால், அவனே கழற்றவும் முடியும். கழற்றினால் என் போனுக்குத் தகவல் வரும் என்று அட்டையில் போட்டிருந்தது. உண்மைதான், வருகிறது. வண்டி மேடு பள்ளத்தில் குதித்தாலும் வருகிறது.

நாங்கள் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். நான் கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் நான், பையன், என் மாமியார், ஒரு பழைய வேகன் ஆர். பையனுக்குப் பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் காத்திருந்து, போன சித்திரையில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டி பாஸாகிவிட்டான். லைசென்ஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மஸ்கட்டிலிருந்து போன்.

"ஒரு டிராக்கர் வாங்கி மாட்டிடு. நானும் அங்க இல்ல, நீயும் ஆபீஸ் போயிடுவ."

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. அவனுக்குப் பதினாறு வயதில், பொங்கலுக்கு வந்த என் கொழுந்தனார் அறுத்துப் போட்ட வயல் பக்கத்து ரோட்டில் அவனை ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். நான் போய்ப் பிடுங்கினேன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டித் தப்பு நடந்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எல்லார் முன்னாலும் இதை ஒப்பித்தேன். "அண்ணி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று அவர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

பதினெட்டுக்கு முந்தின நாள் வரை இவ்வளவு கறாராக நிற்கிற சட்டம், லைசென்ஸ் கைக்கு வந்த மறுநிமிடம் கழன்றுகொள்கிறது. நேற்று வாங்கியவனுக்கும் நாற்பது வருடம் ஓட்டினவருக்கும் ஒரே அட்டைதான். என் தம்பி சிட்னியில் இருக்கிறான். அவன் மகள் ஓட்டப் பழகின கதையைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். அங்கே 25 வயதுக்குள் இருக்கிறவர்கள் 120 மணி நேரம், அதில் 20 மணி நேரம் இராத்திரியில், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து ஓட்டி நோட்டில் பதிந்திருக்க வேண்டும். பாஸான பிறகும் சிவப்பு எழுத்தில் 'பி' அட்டை மாட்டிக்கொண்டு குறைந்தது ஒரு வருடம் ஓட்ட வேண்டும். அந்த வருடம் 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனைத் தொடவே கூடாது, குடித்திருக்கவே கூடாது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை 21 வயதுக்குள் இருக்கும் ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். அதற்கப்புறம் பச்சை 'பி', அது இன்னும் இரண்டு வருடம்.

நம் டிரைவிங் ஸ்கூலில் இருபது கிளாஸ், ஒவ்வொன்றும் அரை மணி. பின் சீட்டில் இன்னும் இரண்டு பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் வேறு. வண்டி நின்றது தன் காலாலா, மாஸ்டர் காலாலா என்று பையனுக்கே தெரியாது.

அதனால் சிட்னிக் கணக்கை நான் நீடாமங்கலத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு லாங் சைஸ் நோட்டு, 60 ரூபாய். தேதி, போன இடம், எத்தனை மணி நேரம், பகலா இராத்திரியா, மழையா, பக்கத்தில் யார் என்று கோடு போட்டாயிற்று. முதல் பக்கத்தில் விதிகள். சொசைட்டிப் பழக்கம் போகாதே, அவன் கையெழுத்து, என் கையெழுத்து, சாட்சிக்கு என் மாமியாரின் கைநாட்டு எல்லாம் வாங்கினேன். "எந்தக் கடனுக்குடி?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் விரலை வைத்தார்.

விதிகள் பேரம் பேசித்தான் வந்தன. முதல் மூன்று மாதம் வண்டியில் ஒரே ஒரு சிநேகிதன்தான் என்றேன். "நாலு பேரா போனாத்தாம்மா பெட்ரோலுக்குப் பங்கு போட முடியும்" என்றான். பெட்ரோலை நான் போடுகிறேன் என்றதும் ஒப்புக்கொண்டான். கல்யாண வீட்டிலோ வேறெங்கோ யாராவது ஊற்றிக் கொடுத்தால், அல்லது குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறச் சொன்னால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிட வேண்டும், அன்று இராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று எழுதினேன். "மறுநாள்?" என்றான். மறுநாள் கேட்பேன், அதையும் எழுதிக்கொள் என்றேன். வியாழக்கிழமை கும்பகோணம் போவதானால் ஆலங்குடி வழி வேண்டாம். குரு பகவானைப் பார்க்க வருகிற வண்டிகள் ரோட்டு ஓரத்தில் நிற்கிற நிற்பில் கதவு எப்போது திறக்கும், குழந்தை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டும்போது போன் டேஷ்போர்டு பெட்டிக்குள். ஐப்பசி, கார்த்திகையில் கரை ரோட்டில் எதிரே லாரி வந்தால் தாரை விட்டு இடது சக்கரத்தை இறக்கக் கூடாது, நின்றுவிட வேண்டும். மழையில் ஊறிய கரை எப்போது சரியும் என்று பொதுப்பணித்துறைக்கே தெரியாது.

அவனும் எனக்கு இரண்டு விதி எழுதினான். ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று மூச்சை இழுக்கக் கூடாது. இரண்டு, இல்லாத பிரேக்கை மிதிக்கக் கூடாது. இரண்டையும் இன்றுவரை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

ஆப் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் கிடையாது. எனக்குப் பரவாயில்லை, ஆனால் ஊரில் பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுக்கிற எத்தனை பேருக்கு இது பரவாயில்லை?

வேக வரம்பு ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும். இதுதான் பெரிய குறை. நான் 60 என்று வைத்தேன். தஞ்சாவூர் ரோட்டில் போனால், பின்னால் தனியார் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டு வர, இவன் 63-ல் போவான். என் போன் அலறும். அதே பையன், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மதகான மூணாறு தலைப்பைத் தாண்டி எங்கள் கரை ரோட்டில் திரும்பினால், ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் பத்தடிக் கீழே வயல், நடுவில் ஒன்றரை வண்டி அகலத்தில் தார், தடுப்புக் கல்கூட பாதி இடத்தில் இல்லை. அங்கே 45-ல் போனால் எனக்கு வயிற்றைப் பிசையும். பெட்டி கம்மென்று இருக்கும். அதன் கணக்கில் 45 நல்ல வேகம்.

ஓட்டுகிற விதத்துக்கு நூற்றுக்கு மார்க் போடுவது அடுத்த கூத்து. திடீர் பிரேக், திடீர் வேகம், சட்டென்ற திருப்பம் இதற்கெல்லாம் மார்க் குறையும். தை, மாசியில் சம்பா அறுவடை நடந்த ஒரு வாரத்தில் பதினான்கு திடீர் பிரேக் என்று காட்டியது. மார்க் 62. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அம்மா, வாத்தும்மா. அறுத்த வயல்ல மேயவிட்டுட்டு அந்தாளு சாயங்காலம் ஓட்டிக்கிட்டு வர்றாரு. ரோட்டைக் கடக்குறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது. மேல ஏத்திட்டு வரவா?"

அதே வாரத்தில் ஒரு நாள் 94 மார்க். சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு என்ன செய்தாய் என்றேன். வலங்கைமான் பக்கம் ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்ததாகவும், எதிரே வண்டி இல்லாததால் அதன் மேலேயே ஐம்பதில் ஓட்டி வந்ததாகவும் சொன்னான். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. காய்ந்த நெல் டயருக்கு அடியில் உருளும். அதில் பிரேக் போட்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. வைக்கோல் என்றால் இன்னும் மோசம், சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் புகைய ஆரம்பிக்கும். பிரேக்கே போடாமல் வழுக்கிக்கொண்டு வந்தவனுக்கு 94, வாத்துக்கு நின்றவனுக்கு 62. அன்றைக்கு நோட்டில் புது விதி ஏறியது: நெல்லைப் பார்த்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல் தாண்ட வேண்டும். இது என் மாமனார் டிராக்டர் ஓட்டின காலத்தில் சொல்லிக் கொடுத்தது.

பெட்டி செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால் தகவல் அனுப்பும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு இருபத்தைந்து நிமிடம் என்று காட்டியது. பையனிடம் காட்டினேன். அதிலிருந்து கேட்டில் எஞ்சினை அணைத்துவிடுகிறான். பெட்ரோல் மிச்சமாகிறது, நின்ற நேரத்தில் இறங்கி வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வருகிறான்.

இப்போது புகாருக்கு வருகிறேன். ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னால் நடந்தது. மேட்டூர் தண்ணீர் வந்து வெண்ணாறு கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. பையன் மன்னார்குடியில் சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தான். எட்டு மணிக்கு வரவேண்டியவன். எட்டே காலுக்கு ஆப்பைத் திறந்தேன். மேப்பில் வண்டி ஆற்றுக்குள் இருந்தது.

ஆற்றோரத்தில் இல்லை. நீல நிறத்துக்கு நடுவில், அசையாமல்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பதினோரு தடவை அடித்திருக்கிறேன் என்று பிறகு பார்த்தேன். மாமியாரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரை ரோட்டில் போனேன். தலைப்பு வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே எதிரே வெளிச்சம் வந்தது. நம்ம வேகன் ஆர். லைட்டை டிம் செய்துகொண்டு, முப்பதில், ஓரம் ஒதுங்கி நின்றது.

கண்ணாடியை இறக்கினான். "ஏம்மா இந்த நேரத்துல?"

"போன் எங்கடா?"

"பெட்டிக்குள்ள. நீங்கதானே வைக்கச் சொன்னீங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. என் தலையில் ஹெல்மெட் இல்லை. ஒரு கையில் ஹாண்டில், மறு கையில் போன், அதில் இன்னும் ரிங் போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். நல்ல பிள்ளை, அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நோட்டில் எனக்கு மூன்றாவது விதி எழுதியிருந்தான்.

நடந்தது இதுதான்: அந்த இடத்தில் டவர் சரியாக இல்லை. பெட்டி கடைசியாக அனுப்பிய இடத்தையே ஆப் காட்டிக்கொண்டிருந்தது. அந்த இடமும் கொஞ்சம் தள்ளிப் பதிவாகியிருந்தது. கரை ரோட்டில் முப்பது மீட்டர் தள்ளினால் ஒன்று ஆறு, இல்லையேல் வயல். திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் "19 நிமிடம் முன்பு" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததை வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். தகவல் பழசு என்றால் அதைப் பெரிதாகக் காட்டுங்கள், புள்ளியின் நிறத்தையாவது மாற்றுங்கள் என்று கஸ்டமர் கேருக்கு எழுதினேன். போனில் பேசியவர் பாதி இந்தியில் "சாட்டிலைட் பிராப்ளம் மேடம்" என்றார். மறுநாள் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி தீர்த்தார்கள். இதுவரை நாலு தடவை தீர்த்துவிட்டார்கள்.

அந்த இராத்திரிக்குப் பிறகு நான் ஆப்பைப் பார்ப்பது குறைந்துவிட்டது. கிளம்பும் முன் "கிளம்பிட்டேன்", போய்ச் சேர்ந்ததும் "வந்தாச்சு" என்று இரண்டு வாட்ஸ்அப். இடையில் நான் கூப்பிட மாட்டேன். யோசித்துப் பார்த்தால், அவன் ஓட்டும்போது வந்த போன்களில் முக்கால்வாசி என்னுடையதுதான், மிச்சம் அவன் அப்பாவுடையது. சிநேகிதர்கள் எல்லாம் மெசேஜ்தான் அனுப்புகிறார்கள்.

மாமியாருக்கு மட்டும் பெட்டி மேல் மரியாதை உண்டு. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது குனிந்து அதற்கும் ஒன்று வைத்தார். பச்சை விளக்கு மறைந்துபோய், பெட்டி கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நோட்டில் இன்றைய தேதிக்கு 87 மணி நேரம். அதில் இராத்திரி 14. டெயில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பது இப்போது அவனுக்கு நான் சொல்லாமலே தெரிகிறது. 120 ஆனதும் நோட்டை மூடிவிடலாம் என்று ஒப்பந்தம்.

சந்தா புதுப்பிக்கச் சொல்லிப் போன வாரம் செய்தி வந்தது. "கட்டாதீங்கம்மா, அந்தக் காசுக்கு வைப்பர் பிளேடு மாத்தலாம்" என்றான் பையன். எனக்கும் அதே எண்ணம்தான். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளையைக் கவனிக்க வாங்குகிறீர்கள் என்றால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருவேன். அந்த இரண்டில் ஒன்று ரயில்வே கேட்டுக்காக. வண்டி திருடு போகுமோ என்ற பயத்துக்கு என்றால் மூன்று, அதுவும் டவர் உள்ள ஊராக இருந்தால்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டு, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும் அவர் முதலில் திறப்பது அந்த ஆப்தானாம். அங்கே ஆறரை என்றால் இங்கே எட்டு. வண்டி மன்னார்குடி ரோட்டில் வருவதையும், கேட்டில் நிற்பதையும், தலைப்பு தாண்டி நம்ம தெருவில் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருப்பாராம். புள்ளி ஓடிக்கொண்டிருந்தால் எங்களைக் கூப்பிட மாட்டாராம், நின்ற பிறகுதான் அடிப்பாராம். நான்கூட கவனித்திருக்கிறேன், கொஞ்ச நாளாக அவர் போன் சரியாக வண்டி வாசலில் நின்றதும்தான் வருகிறது.

"நேத்து கேட்டுல முப்பத்தஞ்சு நிமிஷமா?" என்றார். "இன்னும் அப்படியேதான் இருக்கா?"

1,200 ரூபாய் கட்டிவிட்டேன். ரசீது ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்திருக்கிறது.